பலன் வராத ஆண்டுகள்: கோல சிலாங்கூர்த் தோட்டங்களினூடே

கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே சுங்கை பூலோவையும் ஈஜோக்கையும் கடந்து கோல சிலாங்கூரை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும், புதிய குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் இன்னும் எட்டிப்பிடிக்காத இடங்களிலெல்லாம், செம்பனைகளே அணிவகுத்து நிற்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த எண்ணெய்ப் பனை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடப்படுவதால், ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பவருக்கு அதன் நேர்வரிசைகள் திறந்து திறந்து மூடுகின்றன. தோட்டத்தில் நட்ட நாளிலிருந்து முதல் குலையை வெட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும், அதற்கு முன் இதே மண்ணை நிறைத்திருந்த இரப்பர் மரத்தில் முதல் பாலை எடுக்க ஆறேழு ஆண்டுகளும் ஆகும் என்பதால், இங்கே தொழில் தொடங்கிய எவரும் ஒரு வெள்ளி வரவைக் காண்பதற்கு முன் பல மழைக்காலங்களைச் செலவுக் கணக்கிலேயே கழிக்க வேண்டியிருந்தது. தொழிலில் மெய்யான ஈடுபாட்டுக்கு என்ன இடம் என்ற கேள்வியை, கைக்கு உடனே காசு வரும் வணிகங்களைவிட, இத்தகைய நெடுங்காலப் பயிர்களின் நாட்டில் வைத்து ஆராய்வதே பொருத்தம். பலன் வராத ஆண்டுகளில்தான் ஒருவரிடம் ஈடுபாடு இருக்கிறதா இல்லையா என்பது தெரியவரும்.

கோல சிலாங்கூர் நகரை ஒட்டிய புக்கிட் மெலாவத்திக் குன்று, இந்த வட்டாரத்தின் அமைப்பை ஒரே பார்வையில் விளங்கவைக்கும் இடம். சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டையாக இருந்து, 1784இல் டச்சுக்காரர் கையில் விழுந்து, மறு ஆண்டே சுல்தான் இப்ராகிமால் மீட்கப்பட்ட இக்குன்றின் மேல் பழைய பீரங்கிகளும், 1907இல் எழுந்த கலங்கரை விளக்கமும், வருவோர் போவோரிடம் பயமின்றி ஒட்டிக்கொள்ளும் லூத்தோங் குரங்குகளும் இருக்கின்றன. மேற்கே அலையாத்திக் காட்டைத் தாண்டி மலாக்கா நீரிணை விரிகிறது; வடக்கே ஆற்றின் மறுகரையில் பாசிர் பெனாம்பாங் மீனவர் ஊரும், அதற்கப்பால் தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் நெல்வயல்களும் உள்ளன. தோட்டங்களின் கதையைத் தேடுபவர் கிழக்கே திரும்பி, சிலாங்கூர் ஆறு வரும் திசையில் புக்கிட் ரோத்தானையும் பத்தாங் பெர்ஜுந்தையையும் நோக்கிப் போக வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்ற பெயரில் வழங்குகிறது. ஆயினும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர் பேச்சில் பழைய பெயர் இன்னும் தங்கியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரின் தோட்டக்காரர்கள் நம்பியிருந்த பயிர் காப்பி. பிரேசிலின் மிகை விளைச்சலால் விலை சரிந்து, பூச்சிகளும் சேர்ந்து காப்பியை வீழ்த்தியபோது, அவர்களுக்கு மாற்றாகக் காட்டப்பட்டது இரப்பர். அதைக் காட்டியவர் 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. சந்தித்த தோட்டக்காரர்களிடமெல்லாம் இரப்பர் விதைகளைத் திணித்து, நடுமாறு வற்புறுத்தி வந்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. மரத்தின் உயிரடுக்கைக் காயப்படுத்தாமல், ஒரே கீறலை நாள்தோறும் மெல்லிய சீவலாகப் புதுப்பித்துப் பால் எடுக்கும் முறையை அவர் வகுத்தார். தமக்குச் சொந்தமாக ஒரு தோட்டமும் இன்றிப் பிறர் இலாபத்துக்காக இத்தனை ஆண்டுகள் மன்றாடியவரைப் பைத்தியம் என்று அழைத்தது இயல்பே. கார் தொழில் பெருகி, 1910இல் இரப்பர் ஓர் இறாத்தலுக்கு 12 சில்லிங்கைத் தாண்டி விலைபோனபோது, அந்த விதைகளை வாங்கி நட்டவர்கள் செல்வர்களானார்கள்.

இந்த இரப்பர் அலையில் கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தவர்களில், இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானவர் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிரான்சின் தென்மேற்கிலுள்ள பார்பெசியூ என்ற சிற்றூரில் 1879இல் பிறந்த அவர், இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் பிரெஞ்சும் இசையும் கற்பித்துக்கொண்டிருந்தபோது, போர்னியோவில் சவ்வரிசி மரத்தால் பணம் சேர்க்கலாம் என்ற செய்தியைப் படித்துக் கிழக்கே வர முடிவுசெய்தார். எழுத்தாளராக வாழ விரும்பிய அவருக்கு அதற்கு வேண்டிய ஓய்வும் பொருளும் இல்லை. ஆகவே முதலில் பொருள், பிறகு எழுத்து என்று திட்டமிட்டே 1905இல் கப்பலேறினார். தோட்டத் தொழிலின் மீது கொண்ட காதலால் அவர் கடல் கடக்கவில்லை என்பது இங்கே முக்கியமானது. மனத்துக்குப் பிடித்ததையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்று இக்காலத்தில் இளைஞருக்குச் சொல்லப்படும் அறிவுரை, ஈடுபாடு முதலிலும் தொழில் அதன் பின்னாலும் வருவதாகக் கருதுகிறது. ஃபோகோனியேவின் வாழ்வில் இந்த வரிசை தலைகீழாக நிகழ்ந்தது.

சிங்கப்பூரில் இறங்கியதும் போர்னியோத் திட்டத்தைக் கைவிட்டு மலாயாவுக்குத் திரும்பிய அவர், கிள்ளான் பக்கத்தில் வேறொரு தோட்டக்காரரிடம் தொழில் பழகியபடியே மலாயும் தமிழும் கற்றார். தொழிலாளரோடு கங்காணி வழியாக மட்டுமே பேசிய துரைமார் பலர் இருந்த காலம் அது. கங்காணி என்பவர் தம் சொந்த ஊர்ப்பக்கத்திலிருந்து ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்து, தோட்டத்தில் அவர்களை மேற்பார்த்து, அவர்களின் கடனுக்கும் கூலிக்கும் இடையில் நின்றவர். அவர் சொல்வதே தொழிலாளர் நிலை பற்றித் துரை அறிந்த செய்தியாக இருந்தது. இந்த இடைத்திரையை விலக்கிக்கொண்டு நேரே கேட்க விரும்பிய ஒருவருக்கு மொழி கற்பதே முதல் வேலையாயிற்று. பின்னர் சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியில், ரந்தாவ் பாஞ்சாங் என்ற இடத்தின் குன்றுகளில் ஏறத்தாழ 600 ஏக்கர் காட்டைப் பெற்று, அதைத் திருத்தி இரப்பர் நட்டு, அங்கேயே பனைகள் சூழ்ந்த வீடு ஒன்றையும் கட்டிக்கொண்டார். தம் ஊரிலிருந்து நண்பர்களையும் உறவினரையும் வரவழைத்ததோடு, 1908இல் பிரஸ்ஸல்ஸில் பங்கு முதலீட்டைத் திரட்டி ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார்.

அவருக்குப் பெருந்துணையாக அமைந்தவர் காங்கோ நாட்டு அனுபவம் பெற்ற பெல்ஜிய வேளாண் வல்லுநர் ஆத்ரியன் ஆலே. மேற்கு ஆப்பிரிக்கச் செம்பனையின் 4 கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டு, அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலி பகுதியில் புகையிலைத் தோட்டங்களின் சாலையோர அழகு மரங்களாக நின்றுகொண்டிருந்தன. அம்மரங்களின் பழம் ஆப்பிரிக்கப் பழத்தைவிட எண்ணெய்ச் செழிப்புள்ளது என்று கண்டுகொண்ட ஆலே, 1911இல் சுமத்திராவில் வணிக அளவில் செம்பனை நட்டார். அவரிடமிருந்து விதை பெற்ற ஃபோகோனியே, 1911, 1912 ஆண்டுகளில் ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்ட செம்பனைகள் வெறும் அழகுக்காகவே நின்றன. இரப்பர் விலை உயர்ந்திருந்த அந்நாட்களில் வேறு பயிரைப் பற்றி எண்ணுவதற்கே வணிகக் காரணம் எதுவும் இல்லை. வளர்ப்பதில் இருந்த விருப்பம் ஒன்றே அம்மரங்களை அங்கே நிறுத்தியது. ஐந்தாறு ஆண்டுகளில் அவை எப்படி வளர்கின்றன, எவ்வளவு காய்க்கின்றன என்பதைக் கண்ணால் கண்ட பிறகு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் காப்பி தோற்றுப்போன நிலத்தில், அவற்றின் விதைகளைக்கொண்டு மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவாயிற்று. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். தோட்டத்தை வெட்டித் திருத்திய மக்களின் மொழியிலேயே அமைந்த அப்பெயர், உடைமை பலமுறை கைமாறிச் சைம் டார்பி குழுமத்தை அடைந்த பின்னும் அங்குள்ள ஆலையின் மீது நிலைத்திருக்கிறது.

ஒரு தேசத்தின் பொருளாதாரத்தையே பிற்காலத்தில் தாங்கிய பயிர், இலாபம் கருதாத ஒரு கவனிப்பிலிருந்து கிளைத்தது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஈடுபாடு எனப்படுவதை உற்சாகம் என்றோ வேகம் என்றோ கொள்வது வழக்கம். இத்தோட்டங்களின் வரலாறு அதைக் கவனம் என்றே கொள்ளச் சொல்கிறது. கணக்குப் புத்தகம் கேட்காத ஒன்றையும் கவனித்து வைத்திருப்பவருக்கே, கணக்கு மாறும் நாளில் கைவசம் வேறொன்று இருக்கும். 1921 அளவில் இரப்பர் விலை இறாத்தலுக்கு ஒரு சில்லிங்குக்கும் கீழே விழுந்து தோட்டங்கள் தடுமாறியபோது, தென்னமரத்தின் பனைகள் காய்க்கும் பருவத்தை எட்டியிருந்தன.

ஃபோகோனியேவின் ஈடுபாட்டைப் புகழ்வது ஒன்று, அந்தத் தொழில் எதன் மீது நின்றது என்பதை மறைப்பது வேறு. குன்றுகளில் காடு அழிக்கப்பட்டதும் வெயில் பட்ட ஓடைகளில் பெருகிய கொசுவால் மலேரியா பரவி, சிலாங்கூர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக மாண்டனர். கிள்ளான் வட்டார அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்புகளை வடித்தும் நீர்நிலைகளில் எண்ணெய் தெளித்தும் அதைக் கட்டுப்படுத்தப் பல ஆண்டுகள் உழைக்க நேர்ந்தது. ஃபோகோனியே 1920களின் நடுவில் மலாயாவை விட்டுத் துனீசியாவில் குடியேறி, தாம் முன்பே எண்ணியிருந்தபடி எழுதினார். 1930இல் வெளிவந்த அவருடைய 'மலேசி' என்ற நாவல், பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசை அவ்வாண்டே பெற்றது. காடும் மலாய் மக்களின் வாழ்வும் தமிழ்த் தொழிலாளரும் அதில் நெருங்கி நின்று பார்க்கப்பட்டிருப்பது, அவர் தோட்டத்தை வெறும் வருமான வாயிலாகக் கருதவில்லை என்பதற்குச் சான்று. பொருள் சேர்க்க வந்த இடம் அவருடைய ஒரே பெரும் படைப்பின் பொருளாயிற்று. எனினும் தோட்டத்தை நேசித்தவரால் புறப்பட்டுப் போக முடிந்தது. அதில் உழைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டு எழுதப்படும் எந்தத் தொழில் வரலாறும் பாதி வரலாறே.

ஆலேயும் ஃபோகோனியேவும் சார்ந்த முதலீட்டுக் குழு, சோக்ஃபின் என்ற பெயரில் வளர்ந்து, வட சிலாங்கூரில் பரந்த நிலங்களை நிர்வகித்தது. அந்நிறுவனத்தின் ஊழியராக 1936இல் மலாயாவுக்கு வந்த இளம் பொறியாளர் பியேர் பூல், பிற்காலத்தில் 'குவாய் ஆற்றுப் பாலம்' நாவலால் உலகப் புகழ் பெற்றார். மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து அவர் 1951இல் வெளியிட்ட நாவலில், எல்லாவற்றையும் முறைப்படுத்தத் துடிக்கும் ஒரு பெரிய நிறுவனம் வருகிறது. படிவங்களும் அளவீடுகளும் மறுசீரமைப்புகளும் பெருகப் பெருக, மரமும் மனிதரும் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். அந்த அதிகாரிகளும் சோம்பர்கள் அல்லர். இரவு பகலாக உழைப்பவர்கள், தம் நிறுவனத்தை மனமார நம்புபவர்கள். பொருளைவிட்டு முறையின் மீது பாயும் தீவிரமும் வெளித்தோற்றத்துக்கு ஈடுபாடாகவே தெரியும் என்பதைப் பூல் கூர்மையாகக் கண்டார். ஒரே நிறுவனத்தின் நிழலில் ஒரு தலைமுறை இடைவெளியில் வாழ்ந்த இரு எழுத்தாளர்களையும் சேர்த்துப் படிப்பவருக்கு, இவ்விரு வகைத் தீவிரங்களையும் பிரித்தறிவது எளிதாகும்.

தோட்டத்துக்குள் நடந்து செல்பவர் காணும் கவனம் வேறு வகையானது. செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்பதை, வெட்டுபவர் மேலே நோக்குவதற்கு முன் கீழே பார்த்தே பாதி அறிந்துகொள்கிறார். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்கள் முதல் அடையாளம், கருஞ்சிவப்பிலிருந்து செம்மஞ்சளாகத் திரும்பும் குலையின் நிறம் அடுத்தது. நீண்ட கழியின் நுனியில் பூட்டிய வளைந்த அரிவாளால் முதலில் குலையைத் தாங்கும் மட்டையை இழுத்து அறுத்து, பிறகு காம்பை வெட்டி, 10 முதல் 25 கிலோ வரை எடையுள்ள குலை விழும் திசையைக் கணித்து விலகி நின்று, மட்டையை வரிசைகளுக்கு நடுவில் அடுக்கி, சிதறிய உதிரிப் பழங்களைத் தூசியின்றிப் பொறுக்கிச் சேர்க்கும்வரை அவர் வேலை முடிவதில்லை. காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். கனிந்து போகவிட்டாலோ, வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலையின் நீராவியை அடையாவிட்டாலோ, பழத்திலுள்ள நொதியால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். ஆகவே 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை அதே மரத்தடிக்குத் திரும்பிவந்து பார்க்கும் இக்கண்களின் தீர்ப்பிலேயே தோட்டத்தின் வருமானம் நிர்ணயமாகிறது.

இரப்பர்க் காலத்தில், மலேசியத் தமிழர் கித்தாக்காடு என்று சொல்லும் அத்தோட்டங்களில், இது இன்னும் நுட்பமாக இருந்தது. விடியுமுன் பெரட்டில், அதாவது நாள்தோறும் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் வரிசையில், நின்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு நிரையில் இறங்கிய பால்வெட்டுத் தொழிலாளி, ஒவ்வொரு மரத்திலும் முந்திய கீறலை ஒட்டி மெல்லிய சீவலை மட்டும் எடுக்க வேண்டும். உளி சற்றே மேலாகப் போனால் பால் ஓடாது; ஒரு மில்லிமீட்டர் அளவு கூடுதலாக உள்ளே இறங்கினால் உயிரடுக்கு காயம்பட்டு, அந்த இடத்தில் பட்டை முடிச்சிட்டு வளர்ந்து, பின்வரும் ஆண்டுகளில் வெட்டவே முடியாதபடி கெட்டுவிடும். கங்காணியோ, கிராணி எனப்பட்ட கணக்கரோ எத்தனை முறை சுற்றிவந்தாலும், இருட்டில் நூற்றுக்கணக்கான மரங்களில் விழும் ஒவ்வொரு கீறலையும் காவல் காக்க இயலாது. இலண்டனிலும் பிரஸ்ஸல்ஸிலும் பங்குகளாக எழுதப்பட்டிருந்த சொத்து, உண்மையில் ஒரு பெண்ணின் மணிக்கட்டு அளவறிந்து நிறுத்திய இடத்தில் பாதுகாக்கப்பட்டது. அந்த அளவறிவுக்குக் கிடைத்த மதிப்போ மிகச் சிறிது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். மரத்தின் மீது கவனம் காட்டியவர்கள் தம் மீதும் மனிதருக்குரிய கவனம் காட்டப்பட வேண்டும் என்று கேட்டதற்கு அரசு படையை அனுப்பிப் பதில் சொன்னது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்று வெளியேற, வாங்கிய இடைத்தரகர்கள் அவற்றைத் துண்டுபோட்டு மறுவிற்பனை செய்தார்கள். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இந்நிகழ்வை, 1951 முதல் 1960 வரையிலான காலத்துக்கு உங்கு அஜிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வு ஆராய்ந்தது. கூலியோடு, லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடும், பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளியும், கோயிலும் ஒரே உடைமைக்குள் அடங்கியிருந்ததால், தோட்டம் துண்டாடப்பட்ட அன்றே ஒரு குடும்பத்துக்கு எல்லாம் ஒருசேரப் போயின. மரம் வளரும் காலத்தின் மீது ஈடுபாடே இல்லாத வணிகம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இதற்கு மறுமொழியாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, விடுதலை பெற்ற மலாயாவின் அமைச்சராக இருந்த அவர், தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர் தம் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கலாம் என்று எடுத்துரைத்தார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். நாட்கூலி ஒரு சில வெள்ளியே இருந்த குடும்பங்களிடம் இதைக் கேட்பதற்குத் துணிவும், அவர்கள் கொடுத்ததைக் காப்பதற்கு அதைவிடப் பெரிய பொறுப்புணர்வும் வேண்டியிருந்தது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கிச் சங்கம் பல தோட்டங்களை வாங்கியது. நாடெங்கும் விற்பனைக்கு வந்த நிலப்பரப்போடு ஒப்பிட்டால் காப்பாற்றப்பட்டது சிறு பகுதியே. என்றாலும் மரத்தைக் கவனிப்பவரையும் மரத்தின் உடைமையாளரையும் ஒருவராக்க முயன்ற இந்த ஏற்பாடு, மலேசியத் தமிழர் செய்த வணிக முயற்சிகளில் மிகவும் சிந்தித்துச் செய்யப்பட்டது என்றே மதிப்பிட வேண்டும். ஃபோகோனியேவின் ஈடுபாடு அவர் புறப்பட்டபோது அவரோடு போய்விட்டது. சம்பந்தனோ அதைப் பங்குப் புத்தகத்தில் எழுதி, தமக்குப் பின்னும் நிற்கும்படி வைத்தார். அவர் 1979இல் மறைந்த பிறகும் சங்கம் தோட்டங்களோடு இயங்கிவருகிறது.

பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி அத்தகைய ஏற்பாடு எட்டாத இடங்களில் நடந்தது வேறு. மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், உறுதியளிக்கப்பட்ட வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. செம்பனைக்கு நடுவே திடீரெனத் தெரியும் ஒரு முனீஸ்வரர் கோயிலோ, பிள்ளைகள் குறைந்த தமிழ்ப்பள்ளியோ, அங்கே ஒரு காலத்தில் லயங்கள் இருந்ததைச் சொல்கிறது. வேறு ஊர்களில் குடியேறிவிட்ட குடும்பங்கள் ஆண்டுத் திருவிழாவுக்குத் திரும்பிவருவதால் அத்தகைய கோயில்கள் பேணப்படுகின்றன.

குலை வெட்டும் வேலையை இப்போது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் செய்கிறார்கள். செம்பனை 25 ஆண்டுகள் நிற்கும் பயிர். அவர்களின் வேலை அனுமதியோ சில ஆண்டுகளுக்கு உரியது. ஒரு மரம் எப்படிக் காய்க்கும், எந்த மழைக்குப் பின் குலை சிறுக்கும் என்பதைக் கற்றுத் தேர்ந்தவர் ஊர் திரும்புகையில், அந்த அறிவும் அவரோடு கப்பலேறுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். 2020இல் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டு, புதிய ஆட்கள் வர வழியின்றிப் போனபோது, எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தும், மலேசியத் தோட்டங்களில் வெட்ட ஆளின்றிக் குலைகள் மரத்திலேயே அழுகின. ஆலைகள் இருந்தன, முதலீடு இருந்தது, சந்தையும் இருந்தது. 14 நாளுக்கு ஒருமுறை மரத்தடிக்கு வந்து உதிரிப் பழத்தைப் பார்த்து நிமிர வேண்டியவர்தாம் இல்லை.